ஞானத்தாயின் கை

கிளாராவின் கை தோளில் பட்டதும் வினோலியா ஓரடி முன்னால் நகர்ந்தாள்.

மறைமாவட்ட ஆயர் வரப்போகும் ஞாயிற்றுக்கிழமைக்கான ஒத்திகை அது. கோயிலுக்குள் மின்விசிறிகள் சித்திரை மாதத்து வெக்கையையே திருப்பித் திருப்பி அடித்துக்கொண்டிருந்தன. உறுதிபூசுதல் என்ற அருட்சாதனம் பெறப்போகும் பிள்ளைகள் பீடத்துக்கு முன்னால் வரிசையாக நிற்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் அதன் ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ நின்று, வலது கையைப் பிள்ளையின் தோளில் வைக்க வேண்டும். ஆயர் நெற்றியில் தைலம் பூசி முடிக்கும்வரை அந்தக் கையை எடுக்கக் கூடாது என்று ஞானோபதேச வகுப்பு நடத்தும் சிஸ்டர் சொல்லியிருந்தார். வினோலியாவுக்கு ஞானத்தாய் அவளுடைய அத்தை, இறந்துபோன மிக்கேல்ராஜின் அக்கா கிளாரா.

கிளாரா இரண்டாம் முறை கையை வைத்தாள். வினோலியா இன்னும் ஓரடி நகர்ந்தாள். மூன்றாம் முறை பீடத்தின் படியில் அவள் கால் இடித்தது. அடுத்து நின்ற பிரின்ஸ், கிளாராவின் மகன், "இன்னொரு தடவ வச்சீங்கன்னா வினோ பீடத்துக்குப் பின்னால இருக்குற நற்கருணைப் பேழைக்குள்ள போயிருவா" என்றான். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். சிஸ்டரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வினோலியா சிரிக்கவில்லை. "எனக்கு இது வேணாம் சிஸ்டர்" என்றாள். பந்தியில் இரண்டாவது கரண்டிக் குழம்பை மறுப்பவள் மாதிரி அமைதியாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பக்கவாசல் வழியாக வெளியே போய், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தாள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த புஷ்பமேரி முந்தானையை இழுத்து முக்காட்டைச் சரிசெய்தாள். அவளுக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. எழுந்து மகளுக்குப் பின்னால் ஓடினாள்.

கருவேலங்காட்டைத் தாண்டி, நாலுவழிச் சாலைக்கு அடியில் போகும் பாலத்தைக் கடந்து, தங்கள் மல்லிகைத் தோட்டத்து வரப்பில் கால் வைக்கும்வரை புஷ்பமேரி மகளுக்குப் பின்னாலேயே நடந்தாள். வரப்பு வந்ததும் புஷ்பமேரி ஆரம்பித்தாள். ஊர் பார்க்க அத்தையை அசிங்கப்படுத்திவிட்டாய், அப்பன் இல்லாத வீடென்று ஆளாளுக்கு ஒரு கண் வைத்திருக்கிறார்கள், பங்குச்சாமியார் என்ன நினைப்பார், பத்தாவது பரீட்சை எழுதிவிட்டால் கொம்பு முளைத்துவிடுமா என்று மூச்சுவிடாமல் கேட்டாள். வினோலியா இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே இறுக்கிக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். அந்தக் கட்டிய கைதான் புஷ்பமேரியின் ஆத்திரத்தைக் கிளப்பியது. கன்னத்தில் ஒன்று வைத்துவிட்டாள்.

வினோலியா கன்னத்தைத் தடவக்கூட இல்லை. கை கட்டியது கட்டியபடியே இருந்தது.

"அடி. ஆனா எனக்கு வேணாம்."

மல்லிகை வெயிலுக்கு முன்னால் பறிக்க வேண்டிய பூ. சூரியன் சிறுமலைக்கு மேலே ஏறிவிட்டால் மொட்டு வாய் பிளந்துவிடும். வாய் பிளந்த மொட்டைச் சந்தையில் யாரும் தொட மாட்டார்கள். மிக்கேல்ராஜ் இருந்தவரை பறித்த பூவை ஈரத்துணியில் கட்டித் தன்னுடைய சின்ன வண்டியில் திண்டுக்கல் பூச்சந்தைக்கு அவனே கொண்டுபோவான். அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பூவும் அவன் வண்டியில்தான் போகும். இப்போது வேறொருவர் வேன் வருகிறது. அது ஹாரன் அடிக்கும்போது மடியில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான்.

மறுநாள் விடியலில் புஷ்பமேரியோடு பேச்சாயி பறித்துக்கொண்டிருந்தாள். தெற்குத் தெருக்காரி. வருசக்கணக்காக இந்தத் தோட்டத்துக்குப் பறிக்க வருகிறவள். ஒத்திகைக் கதை அவளுக்கு அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது. அவள் கை பூவில் இருக்க, வாய் அதுபாட்டுக்கு ஓடியது. எல்லாம் வயசுக் கோளாறு என்றாள். தன் மகளும் இந்த வயசில் கண்ணாடியைப் பார்த்தால் சிரிப்பாள், தாயைப் பார்த்தால் முறைப்பாள், சோற்றைப் பார்த்தால் அழுவாள் என்றாள்.

"இப்ப எப்படியிருக்கா?"

"அதே மாதிரித்தேன் இருக்கா. ஆனா இப்ப அது அவ புருசன் பாடு. நான் வெத்தலையப் போட்டுக்கிட்டு நிம்மதியா இருக்கேன்."

புஷ்பமேரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மனம் ஆறவில்லை. வயசு என்றுதான் அவளும் இரண்டு வருசமாக நினைத்துக்கொண்டிருந்தாள். கொடைரோடு பக்கம் லாரி மோதி மிக்கேல்ராஜ் மதுரை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தபோது வினோலியாவுக்குப் பதின்மூன்று வயசு. புஷ்பமேரி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். பிள்ளையைக் கிளாரா தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். மிக்கேல்ராஜ் கண் திறக்காமலே போய்ச் சேர்ந்தான். அவனைப் புதைத்துவிட்டுத் திரும்பியபோது, வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சைக் குறைத்திருந்தது. அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள் புஷ்பமேரி. பிறகு கதவைச் சாத்திக்கொள்வது வந்தது. கை கட்டிக்கொள்வது வந்தது. கொடியில் துணி காயப்போடச் சொன்னால் வாளியை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பரணிலிருந்து புளிப்பானையை எடு என்றால் எட்டாது என்பாள், எட்டும் உயரம் வளர்ந்த பிறகும். உடற்பயிற்சி வகுப்பில் எல்லாரும் கையைத் தூக்கினால் இவள் மட்டும் தூக்குவதில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பினார். உடம்பு வளர்கிற வயசு, பிள்ளை கூச்சப்படுகிறது என்று புஷ்பமேரி தானாகவே ஒரு பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டு, தொளதொளவென்று இரண்டு சுடிதார் தைத்துக் கொடுத்தாள். தாய் என்பவள் இதையெல்லாம் சொல்லாமலே புரிந்துகொள்ள வேண்டும் என்று அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று மாலை கிளாரா வந்தாள். கையில் பை. பைக்குள் வெள்ளைச் சுடிதாரும் அதே வெள்ளையில் துப்பட்டாவும். நாகல் நகரில் ஏறாத கடையில்லை, கடைசியில்தான் கைவேலை செய்தது கிடைத்தது என்று கட்டிலில் விரித்துக் காட்டினாள்.

கிளாரா கெட்டவள் இல்லை. சிக்கலே அதுதான். மிக்கேல்ராஜ் இறந்த பிறகு அரிசி வைத்திருக்கிறாயா என்று கேட்காமலே கொண்டுவந்து வைத்தவள் அவள். இரண்டு வீட்டுத் தோட்டத்துக்கும் நடுவில் ஒரே கிணறு. மோட்டார் சாவி கிளாரா வீட்டு ஆணியில் தொங்கும். கோடையில் தன் வயலுக்கு முன்னால் தம்பி பெண்டாட்டியின் மல்லிகைக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு, "அது காய்ஞ்சா எந்தம்பி காய்ஞ்ச மாதிரி" என்று சொல்லுவாள். அப்படிப்பட்டவளிடம் இந்தப் பிள்ளைக்கு என்ன என்று புஷ்பமேரிக்கு விளங்கவில்லை.

கிளாரா சாத்தியிருந்த அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு, உள்ளே கேட்கும்படியாகப் பேசினாள். சாமியார் பெயரை எடுத்துவிடவா என்று கேட்டாராம். எடுக்காதீர்கள், பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாளாம். கோயில் வாசலில் வைக்கும் பேனருக்குப் பிள்ளைகளின் போட்டோ போய்விட்டதாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தன் வீட்டில் பிரியாணி, சீரகச்சம்பாவுக்குச் சொல்லிவைத்தாகிவிட்டது.

"எந்தம்பி இருந்தா இவ இப்படி நிப்பாளா புஸ்பம்? தகப்பன் இல்லாத குறை தெரியாம வளக்கணும்னு பாக்கேன். அவ என்னைய ஊரு சிரிக்க வச்சுட்டா."

"நான் பேசுறேன் மதினி. வருவா."

"வரணும்" என்று சொல்லிவிட்டுக் கிளாரா போனாள். கட்டிலில் வெள்ளை உடுப்பு கைகளை விரித்துக்கொண்டு கிடந்தது. வினோலியா வெளியே வந்து பார்த்தாள். விரிந்து கிடந்த அந்த இரண்டு கைகளையும் மடித்து உள்ளே தள்ளி, உடுப்பைப் பைக்குள் திணித்துவிட்டுப் போனாள்.

புஷ்பமேரி அன்று இரவு மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வெஞ்சனமாக மோர் மிளகாய் வறுத்துப் போட்டாள். பிள்ளை இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டது. கோபத்தில் இருந்தாலும் பசி குறையாத வயசு. அதில் ஒரு தைரியம் வந்து, விடியற்காலையில் அவளையும் பறிக்க எழுப்பினாள். பேச்சாயியை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தாள்.

கொஞ்ச நேரம் இருவரும் பறித்தார்கள். செடிக்கு இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் மகள். நடுவில் செடி இருப்பது நல்லதாகப் பட்டது புஷ்பமேரிக்கு. முகத்தைப் பார்க்காமல் கேட்கலாம்.

"சாமி கும்புடப் பிடிக்கலையா உனக்கு?"

"அப்படி யாரு சொன்னா?"

"பெறகு என்னதான்டி?"

"அத்தை கை எம்மேல படக்கூடாது. அம்புட்டுதான்."

"அவுக உனக்கு என்ன பண்ணுனாக? பெத்த மக மாதிரி பாக்குறாக."

வினோலியா ஒரு கிளையை முழுக்கப் பறித்து முடித்தாள். பிறகு, "நீ மதுரையில இருந்தப்ப நான் அங்கதான இருந்தேன்" என்றாள்.

"ஆமா."

"தெனமும் சாயங்காலம் செபஸ்தியார் சொரூபத்துக்கு முன்னாடி முழங்கால் போட்டு ஐம்பத்துமூணு மணி செபமாலை சொல்லுவோம். கைய விரிச்சுக்கிட்டு. பிள்ளைக கைய விரிச்சுக் கேட்டா ஆண்டவரு இல்லைன்னு சொல்ல மாட்டாரு, உன் கையிலதான் உங்கப்பன் உசுரு இருக்குன்னு அத்தை சொன்னாங்க. பைபிள்ல சண்டை நடக்கையில மோசே கைய விரிச்சு நின்ன கதையச் சொன்னாங்க. அவரு கை மேல இருந்தா இவங்க ஆளுக ஜெயிப்பாங்க, கீழ எறங்குனா தோத்துருவாங்க. அதனால எறக்கவே கூடாதுன்னாங்க. நானும் எறக்க மாட்டேன். தோள்பட்டை பிச்சுக்கிட்டுப் போற மாதிரி இருக்கும். பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பேன்."

புஷ்பமேரியின் விரல்கள் மொட்டும் இலையுமாகச் சேர்த்துப் பறித்தன.

"கடைசி நாளு ஒரு கொசு கடிச்சது. காதுக்குக் கீழ. அதைத் தட்டுறதுக்குத்தான் எறக்குனேன். திருப்பித் தூக்குனேன், தூக்க முடியல. கை மரத்துப்போயிருச்சு. சரி, இந்த மணி முடியட்டும், அடுத்த மணிக்குத் தூக்கிரலாம்னு நெனைச்சேன். அப்பத்தான் போன் வந்தது."

போன் செய்தது புஷ்பமேரிதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ ஒருத்தருடைய போனை வாங்கி, மதினி, போயிட்டாருங்க என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னது அவளுக்கு நினைவு இருந்தது. அந்தப் பக்கம் என்ன நடந்தது என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"போனைக் கேட்டுட்டு அத்தை அழுகல. என்னையத்தான் பாத்தாங்க. கைய எறக்கிட்டியேடி பாவின்னாங்க."

தூரத்தில் நாலுவழிச் சாலையில் லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல? ரெண்டு வருசமா..."

"எப்படிச் சொல்லுவேன்? அப்பாவக் கொன்னது நான்தான்னு உங்கிட்ட வந்து சொல்லவா? நான் நம்புனேன்மா. தெனமும் நம்புனேன். நீ அழும்போதெல்லாம், என்னாலதான் அழுகிறன்னு நெனைச்சேன்."

புஷ்பமேரி செடியைச் சுற்றிக்கொண்டு போனாள். பிள்ளையைத் தொடப் போனவள், தொடலாமா என்று தெரியாமல் நின்றாள். வினோலியா நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. முகம் கோபத்தில் சிவந்திருந்தது.

"ஞானோபதேச வகுப்புல போன மாசம் சிஸ்டர் அந்தக் கதைய முழுசா சொன்னாங்க. அத்தை பாதிதான்மா சொல்லியிருக்காங்க. மோசேக்கும் கை வலிச்சதாம். அவராலயும் முடியலையாம். அப்ப ரெண்டு பேரு ஆளுக்கொரு பக்கம் நின்னு அவரு கையத் தாங்கிப் பிடிச்சாங்களாம். அம்புட்டுப் பெரிய ஆளும்மா அவரு. அவருக்கே ரெண்டு பேரு. எனக்கு யாரு பிடிச்சா?"

புஷ்பமேரி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கதையக் கேட்ட நாள்ல இருந்து எனக்கு அழுகை வரல. கோவம்தான் வருது. அத்தை அதை இல்லைன்னு சொல்லட்டும். நீ கைய எறக்குனதால உங்கப்பன் சாகலன்னு என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். நான் வெள்ளைய உடுத்திக்கிட்டு வரிசையில நிக்கிறேன். எந்தத் தோள்ல வேணும்னாலும் கை வைக்கட்டும்."

வேன் ஹாரன் அடித்தது. அன்று அவர்கள் மடியில் பாதிதான் இருந்தது.

புஷ்பமேரி போனபோது கிளாரா முற்றத்தில் மிளகாயும் மல்லியும் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பிரியாணி மசாலாவுக்கு. இருந்த இடத்திலிருந்தே, பிள்ளை வழிக்கு வந்துட்டாளா என்று கேட்டாள். புஷ்பமேரி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கிளாராவின் கை மிளகாயைப் பரப்புவதை நிறுத்தவில்லை.

"நான் பொய்யா சொன்னேன்? எறக்குனாளா இல்லையா, அதக் கேளு அவகிட்ட."

"பதிமூணு வயசுப் பிள்ள மதினி. கொசு கடிச்சிருக்கு."

"எனக்கும்தான் கடிச்சது. நானும் அவ பக்கத்துலதான முழங்கால் போட்டிருந்தேன்? எம்முட்டி ரெண்டும் வீங்கிக் கிடந்தது. நான் எறக்கலையே. எங்கூடப் பெறந்தவன்டி அவன். எங்கம்மா செத்த பெறகு நான் தூக்கி வளத்த பய. நான் கேட்டது கெடைக்கல. ஏன் கெடைக்கலன்னு எனக்கு ஒரு காரணம் வேணாமா? நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

"ஆண்டவருகிட்டக் கேட்டிருக்கணும். நீங்க எம்பிள்ளகிட்டக் கேட்டுட்டீக."

கிளாரா நிமிர்ந்தாள். அவள் கண்கள் மிளகாய் நெடியில் கலங்கியிருந்தனவா, வேறெதனாலா என்று சொல்ல முடியவில்லை.

"ஒரு வார்த்த மதினி. இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. பிள்ள வரிசையில நிக்கிறேங்குது."

"மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு வாயில ஒண்ணு சொல்லச் சொல்றியா? என்னால ஆகாது." பிறகு மிளகாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வீம்பு புடிச்சுப் பிள்ளைய ஞாயித்துக்கிழம நிப்பாட்டிப்புட்டு, மறுநா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கெணத்துப் பக்கம் வருவ?"

புஷ்பமேரிக்கு அதுவரை பயம் இருந்தது. அந்தப் பேச்சில் அது எங்கே போனதென்று தெரியவில்லை.

"இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான். கெணறு மாமனாரு வெட்டுனது. வருவேன்."

திரும்பும் வழியில் அவள் பங்குச்சாமியாரிடமும் போனாள். நடந்ததைச் சொல்லவில்லை; ஞானத்தாயை மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டாள். உறுதிபூசுதல் வாங்கியவர் யாராக இருந்தாலும் சரிதான், பெற்றோர் மட்டும் ஆகாது, சனிக்கிழமைக்குள் பெயரைச் சொல்லுங்கள் என்றார் அவர். புஷ்பமேரி பாரம் இறங்கியவளாக வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். வினோலியா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"ஆள மாத்துனா அத்தை சொன்னது அப்படியே இருக்கும்மா. அத யாரும் தொடல. பூசை முடிஞ்சு பிரியாணி தின்னுட்டு எல்லாரும் மறந்துருவாங்க. நான் மறக்கணும்ல?"

"அப்ப ஞாயித்துக்கிழம வீட்டுலயே இருந்துக்கிறியா?"

"வீட்டுல இருந்தா பயந்து ஒளிஞ்ச மாதிரி இருக்கும். நான் வருவேன். வரிசையில நிக்க மாட்டேன்."

இந்தப் பேச்செல்லாம் இவளுக்கு எங்கிருந்து வருகிறது என்று புஷ்பமேரி மகளைப் பார்த்தாள். மிக்கேல்ராஜுக்கு இந்தத் திடம் கிடையாது. யார் என்ன சொன்னாலும் சரிங்க என்பான். தன்னிடமும் கிடையாது. இது இவளே உண்டாக்கிக்கொண்டது. இரண்டு வருசம் அந்தக் கதவுக்குப் பின்னால், ஒரு துணையும் இல்லாமல் இவள் உண்டாக்கிக்கொண்டது. அதை வயசுக் கோளாறு என்று தான் இத்தனை நாள் பேசியதை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. பேண்டுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். கோயில் வாசலில் பேனர். அதில் வினோலியாவின் பள்ளிக்கூட அடையாள அட்டைப் போட்டோவும் இருந்தது. வெள்ளை உடுப்புப் பிள்ளைகள் வெயிலில் கண் கூச நின்றார்கள். பிரின்ஸ் வெள்ளைச் சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். வினோலியா தன்னுடைய பழைய பச்சைச் சுடிதாரில் தாயோடு நடந்து வந்தாள். கூட்டம் விலகிப் பார்த்தது. பேச்சு அடங்கிப் பின்னால் மறுபடி எழுந்தது.

கிளாரா வரிசையிலிருந்து வேகமாக வந்தாள். பட்டுச்சேலை, நெற்றியெல்லாம் வேர்வை. ஆயரின் கார் நாலுவழிச் சாலையை விட்டு இறங்கிவிட்டதாக யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள். கிளாரா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சரி தாயி. நீ கைய எறக்குனதால ஒண்ணும் ஆகல. சொல்லிட்டேன். போதுமா? வீட்டுக்கு ஓடிப்போயி வெள்ளைய மாத்திட்டு வா. பிரின்ஸ் வண்டியில கொண்டுபோயி விடுவான். நேரம் இருக்கு."

கேட்டது கிடைத்துவிட்டது. பிள்ளை சரி என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. கிணறு, சாவி, பிரியாணி, பேனர் எல்லாம் அததன் இடத்தில் இருக்கும்.

வினோலியா அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளாரா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கார் வரும் பாதையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது எனக்காகச் சொன்னதில்ல அத்தை. வரிசைக்காகச் சொன்னது."

"என்னடி இன்னும் என்ன பண்ணச் சொல்ற? கால்ல விழணுமா?"

"வேணாம். நீங்க சொன்னாத்தான் எனக்கு விடியும்னு நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப சொல்லிட்டீங்க, ஒண்ணும் மாறல. எனக்கே தெரியுது, எங்கப்பா லாரி அடிச்சுச் செத்தாரு. இனிமே அத நீங்க சொன்னாலும் சொல்லாட்டியும் ஒண்ணுதான்."

அவள் குரல் உயரவில்லை. ஆனால் நடுங்கியது, பதினைந்து வயசுப் பிள்ளையின் குரல்தானே. கிளாரா வாயைத் திறந்தாள். அதற்குள் பேண்டு முழங்க ஆரம்பித்துவிட்டது.

கோயிலுக்குள் புஷ்பமேரி பழக்கத்தில் கடைசி பெஞ்சுக்குப் போனாள். வினோலியா அவள் முழங்கையைப் பிடித்து நடுவிலிருந்த பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பாட்டு, வாசகம் எல்லாம் முடிந்தது. வினோலியா பாட்டை மற்றவர்களோடு சேர்ந்து பாடினாள். புஷ்பமேரிதான் பாட மறந்து உட்கார்ந்திருந்தாள். உபதேசியார் தாளை எடுத்துக்கொண்டு மைக்குக்கு வந்தார். பெயர் படித்ததும் பிள்ளை எழுந்து நின்று, இதோ இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு முன்னால் போய் நிற்க வேண்டும். ஞானப்பெற்றோர் அங்கே காத்திருப்பார்கள்.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. மிக்கேல்ராஜின் மகள் வினோலியா என்று உபதேசியார் படித்துவிட்டார். படித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் கிளாராவைப் பார்த்தார். கிளாரா பீடத்துப் படியருகே தனியாக நின்றாள். அவளுக்கு முன்னால் தோள் எதுவும் இல்லை.

வினோலியா எழுந்து நின்றாள்.

"இருக்கேன்" என்றாள். மைக் இல்லாமலே அது கோயில் முழுக்கக் கேட்டது. "ஆனா வரல."

ஆயர் மெதுவாகத் தலையை உயர்த்தினார். அவருக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அடுத்த பெயரைப் படிக்கச் சொல்லி உபதேசியாருக்குக் கையைக் காட்டினார். அடுத்தது பிரின்ஸ். "இதோ இருக்கிறேன்" என்று அவன் சொன்னபோது உடைந்துகொண்டிருந்த அவன் குரல் பாதியில் கீச்சென்று போய்விட்டு வந்தது. வேறு நாளாக இருந்தால் பிள்ளைகள் சிரித்திருப்பார்கள்.

வராதவள் உட்கார்ந்திருக்க வேண்டும். வினோலியா உட்காரவில்லை. முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் உடம்போடு சேர்த்துத் தொங்கவிட்டு நின்றாள். ஊர் முழுக்க அவள் முதுகைப் பார்த்தது. புஷ்பமேரி கீழே உட்கார்ந்து மகளின் பச்சைச் சுடிதாரின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் தையல் விட்டிருந்தது. இதை எப்போது தைப்பது என்று ஒரு நினைவு ஓடியது. பிறகு அவளும் எழுந்து நின்றாள்.

பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அசிங்கமா இருக்கு புஸ்பம், பிள்ளையை உக்காரச் சொல்லு, நீயும் உக்காரு என்றாள். முன்னால் இன்னும் பெயர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

புஷ்பமேரி திரும்பிப் பார்த்தாள். கோயிலுக்குள் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டும் என்று சின்ன வயசிலிருந்து பழகியவள், அன்று தாழ்த்தவில்லை.

"அவ உக்காரும்போது நான் உக்காருவேன்."